ஓர் ஆசனம், இரண்டு ஓட்டுநர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



இலக்கியத் தொடர் ஒன்றில் விளையாட்டுக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிதை, சிறுகதை, நாடகம் என்று கேட்டுப் பழகிய உங்களுக்கு இது சற்று விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், பழைய பொருளொன்றைப் புதுப்பிக்க முனையும் ஒருவனுக்கு எழும் கேள்விகள், பழைய ஏட்டைக் கையில் எடுத்த பதிப்பாசிரியருக்கு எழுந்த கேள்விகளிலிருந்து அதிகம் வேறுபட்டவை அல்ல. எதை வைத்திருப்பது? எதை நீக்குவது? அழிந்த இடத்தை எதனால் நிரப்புவது? நிரப்பியதை மறைப்பதா, சொல்லிவிடுவதா? நாலு அங்குல நீளங்கூட இல்லாத ஒரு பந்தயக் கார் என் மேசையில் இருந்துகொண்டு இந்தக் கேள்விகளையெல்லாம் என்னிடம் கேட்டது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். உருக்கிய உலோகத்தை உருக்கு அச்சினுள் அழுத்திச் செலுத்தி வார்த்தெடுக்கும் சிறிய கார்கள் நம்மில் பலருக்கு அறிமுகமானவை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய பிராங் ஹோர்ன்பி என்பவர், 1933ஆம் ஆண்டின் இறுதியில், விளையாட்டு ரெயில் பாதைகளுக்குத் துணையாக ஆறு சிறு வாகனங்களைச் செய்து விற்றார். 1934இல் அவற்றுக்கு டிங்கி என்ற பெயர் வந்தது. ரெயிலுக்குத் துணையாக வந்தவை ரெயிலையே பின்தள்ளி, உலகமெங்கும் சிறுவர்களின் காற்சட்டைப் பைகளுக்குள் புகுந்துகொண்டன. லிவர்பூலில் பின்ஸ் வீதியில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்படும்வரை பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கார் செய்து கொடுத்தது.

இவற்றின் உலோகம் பெரும்பாலும் துத்தநாகம். அதனோடு சிறிதளவு அலுமினியமும் மக்னீசியமும் செம்பும் கலப்பார்கள். கலவை தூய்மையாக இருந்தால் நூறாண்டும் நிற்கும். ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலோ உள்ளிருந்தே அரிப்புத் தொடங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பல பொம்மைகள் யாரும் தொடாமலேயே வெடித்து, உப்பி, பொடியாகிப்போனது இதனால்தான். செல்லரித்த ஏட்டைப் போன்றது அந்த நிலை. போருக்குப் பிந்தியவை பெரும்பாலும் இந்த நோய்க்குத் தப்பியவை. என்னிடம் இருப்பதும் அவற்றில் ஒன்று. 1958இல் டிங்கி வெளியிட்ட வன்வோல் என்னும் பந்தயக் கார் அது.

வன்வோல் என்ற பெயரே ஓர் ஒட்டுச்சொல். டொனி வன்டர்வெல் என்பவர் லண்டனில் இயந்திரங்களுக்கான மெல்லிய சுவர்த் தாங்கிகளைச் செய்த தொழிலதிபர். அவருடைய பெயரின் தலையையும், அவர் விற்ற பண்டத்தின் பெயரின் வாலையும் ஒட்டினால் வன்வோல். இந்த மனிதர் முதலில் தாமாக ஒரு காரையும் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் இத்தாலியின் பெராரி காரை விலைக்கு வாங்கினார். தம் விருப்பப்படி மாற்றினார். சிவப்பை அழித்துப் பச்சை பூசினார். தம் தாங்கியின் பெயரையே அதற்குச் சூட்டி ஓடவிட்டார். பிறர் செய்த பொருளை வாங்கி, பூச்சை மாற்றி, பெயரை மாற்றி, அதைத் தன்னுடையதாக்கும் வேலையை நாம் மேசையில் சிறிதாகச் செய்கிறோம். அவர் களத்தில் பெரிதாகச் செய்தார். சொந்தக் கார் அதற்குப் பின்னர்தான் வந்தது.

பச்சை ஏன் என்று கேட்பீர்கள். அக்காலத்தில் பந்தயக் காரின் நிறம் நாட்டின் நிறம். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், ஜேர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள், பிரித்தானியாவுக்குப் பச்சை. 1903இல் கோர்டன் பெனற் கிண்ணப் பந்தயம் அயர்லாந்தில் நடந்தபோது, அந்த மண்ணுக்கு மரியாதையாகவே ஆங்கிலேயர் பச்சை பூசிக்கொண்டனர் என்று சொல்வதுண்டு. பிற்காலத்தில் சிகரெட் கொம்பனிகளும் எண்ணெய்க் கொம்பனிகளும் நிறத்தை விலைக்கு வாங்கிக்கொண்டன. வன்வோலின் காலத்தில் நிறம் இன்னும் விற்பனைக்கு வந்திருக்கவில்லை.

ஜேர்மனியரின் வெள்ளை பின்னர் வெள்ளியானது. அதற்கும் ஒரு கதை உண்டு. 1934இல் காரின் நிறை 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற விதி வந்தது. மெர்சிடிஸ் ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். இரவோடிரவாக வெள்ளைப் பூச்சைச் சுரண்டி எறிந்தார்களாம். காலையில் பளபளக்கும் வெறும் உலோகத்தோடு கார் ஓடியதாம். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் இக்கதையை ஐயத்தோடு நோக்குகிறார்கள். ஆனால் பூச்சைச் சுரண்டும் எவனுக்கும் இக்கதை பிடிக்கும். சுரண்டினால் உள்ளே இருக்கும் உண்மை வெளியே வந்துவிடும் என்ற ஆசையை இது வளர்க்கிறது. உண்மை அவ்வளவு எளிதாக வெளியே வருவதில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வன்வோலின் பெரிய நாள் 1957 ஜூலை 20. இடம் எயின்ட்றீ. குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்போன அந்தத் திடலைச் சுற்றி அமைத்த மோட்டார்ப் பாதையில் அந்த ஆண்டு பிரித்தானிய கிராண்ட் பிறி நடந்தது. ஒரு சுற்று மூன்று மைல். மொத்தம் 90 சுற்று. ஸ்டேர்லிங் மொஸ் 18ஆம் எண் வன்வோலில் முன்னணியில் ஓடினார். டொனி புறூக்ஸ் 20ஆம் எண் வன்வோலில் பின்னால் வந்தார். புறூக்ஸ் பல் வைத்தியம் படித்தவர். முந்திய மாதம் லெமான்ஸ் பந்தயத்தில் கார் கவிழ்ந்து, தொடைக் காயம் சரியாக ஆறாத நிலையில் வந்திருந்தார். முழுத் தூரத்தையும் ஓடித் தாங்க உடல் இடங்கொடாது என்பது அவருக்குத் தெரியும். மொஸ்ஸின் காருக்கு ஏதும் நேர்ந்தால் தன் காரைக் கொடுத்துவிடுவதென்று முன்னரே பேசி வைத்திருந்தார்கள்.

அப்படியே நேர்ந்தது. மொஸ்ஸின் இயந்திரம் தடுமாறியது. 26ஆம் சுற்றளவில் புறூக்ஸ் காரை நிறுத்தினார், வலியோடு இறங்கினார், மொஸ் ஏறினார். களத்துக்குத் திரும்பும்போது ஒன்பதாவது இடம். அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டினார். முன்னால் ஓடிய ஷான் பெஹ்ராவின் மஸராட்டியில் கிளச் வெடித்தது. சிதறிய துண்டுகள் பின்னால் வந்த மைக் ஹோதோர்னின் பெராரியின் டயரைக் கிழித்தன. மொஸ் முதலாவதாக வந்தார். பிரித்தானியர் ஓட்டிய பிரித்தானியக் காரொன்று உலகக் கிண்ணத் தொடரின் கிராண்ட் பிறி ஒன்றில் வென்றது அதுவே முதல் தடவை. வெற்றிக்குரிய எட்டுப் புள்ளிகளை ஆளுக்கு நாலாகப் பங்கிட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து இப்படி ஒரு காரைப் பகிர்ந்து ஓட்டுவோருக்குப் புள்ளி இல்லையென்று விதி மாறிவிட்டது.

நேயர்களே, எயின்ட்றீ இருப்பது லிவர்பூல் நகரின் ஓரத்தில். டிங்கி கார்களைச் செய்த பின்ஸ் வீதியும் அதே லிவர்பூலில். வன்வோல் வென்றதும், மறு ஆண்டு அது நாலு அங்குலத்துக்குள் சுருங்கி ஒரு மஞ்சள் பெட்டிக்குள் ஏறியதும் ஒரே ஊரில்தான். ஆனால் ஒரு வேறுபாடு. வென்ற காரின் எண் 20. என்னிடமுள்ள பொம்மையின் எண் 35. தொழிற்சாலைக்காரர் அந்த நாளின் நினைவுச் சின்னத்தைச் செய்யவில்லை. வன்வோல் என்ற காரைச் செய்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் எண் போதுமென்று எண்ணியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் அது போதவில்லை.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். கொழும்பில் உத்தியோகம் பார்த்த ஐயா, விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தபோது வாங்கி வந்தார். பிள்ளைகள் இருவர், கார் ஒன்று. உத்தியோகத்தரின் சம்பளத்தில் அதுவே அதிகம். எனக்கும் அண்ணனுக்கும் ஐந்து வயது இடைவெளி. அண்ணன் பள்ளிக்கூட நூலகத்தில் பழைய ஆங்கிலச் சஞ்சிகையொன்றைப் படித்து, எயின்ட்றீக் கதை முழுவதையும் கொண்டுவந்து சேர்த்தார். அன்றோடு சண்டை தீர்ந்தது, விதி பிறந்தது. கிணற்றடியிலிருந்து விறாந்தைப் படிவரை நான் உருட்டவேண்டும். படியில் காரை ஒப்படைக்கவேண்டும். அங்கிருந்து படலைவரை அண்ணன்.

"நீ புறூக்ஸ், நான் மொஸ். வெற்றி ரெண்டு பேருக்கும்தான்ரா" என்பார் அண்ணன்.

சட்டப்படி அது சரி. புள்ளியும் பாதி பாதி. ஆனால் படலையைத் தொட்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்போதும் அவர். கிணற்றடிச் சீமெந்து வெடிப்புகளைத் தாண்டி, கோழி எச்சத்துக்கு விலத்தி, முழங்கால் தேயத் தேய உருட்டிக்கொண்டு வந்தவனை விறாந்தைப் படியில் யாரும் பார்ப்பதில்லை. அந்த வயதிலேயே டொனி புறூக்ஸ் என்ற அறிமுகமில்லாத ஆங்கிலேயர்மீது எனக்கு ஓர் உறவு உண்டாகிவிட்டது.

அண்ணன் 1984இல் கனடா போனார். 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் நடந்தோம். அன்று அம்மா கட்டிய மூட்டைக்குள் ஒரு பிஸ்கற் தகரம் இருந்தது. அதற்குள் உறுதிகள், பிறப்புப் பத்திரங்கள், ஐயாவின் மூக்குக் கண்ணாடி. அவற்றோடு இந்தக் காரும் இருந்தது. அதை ஏன் எடுத்தாள் என்று அவளிடம் நான் கேட்டதில்லை. தகரம் பல வீடுகள் மாறி இப்போது கொழும்பில் என் அலுமாரியில் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். தன் பேரனுக்கு ஆறு வயதாகிறது, கார்ப் பித்து, அந்த வன்வோலை அவனுக்கு அனுப்பு என்றார். பிறகு ஒன்று சேர்த்துச் சொன்னார்: "உள்ளபடி அனுப்பாத. இஞ்சத்தப் பிள்ளையள் உரிஞ்ச சாமானைத் தொடாதுகள். வடிவாப் பெயின்ற் அடிச்சு, நம்பரையும் 20 ஆக்கி அனுப்பு."

இங்கேதான் என் சிக்கல் தொடங்கியது.

பழைய பொம்மைகளைச் சேகரிப்போர் மூன்று வகை வகுத்திருக்கிறார்கள். தொழிற்சாலை செய்து வெளியிட்டபடியே இருப்பது முதலாம் வகை. தொழிற்சாலையின் அனுமதியோடு வேறொருவர் மாற்றியது இரண்டாம் வகை. எவருடைய அனுமதியும் இன்றி ஒருவர் தன் கையால் மாற்றியது மூன்றாம் வகை. சந்தையில் பெரும்பாலும் முதலாம் வகைக்குத்தான் மதிப்பு. அதிலும் பூச்சு உரியாமல், பெட்டியும் கிழியாமல் இருக்கவேண்டும். அதாவது, எந்தப் பிள்ளையும் விளையாடாத பொம்மைக்கே அதிக விலை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எவரும் தொடாத ஒரு பிரதி எங்காவது இருந்தால்தான், தொழிற்சாலை பூசிய பச்சை எந்தப் பச்சை என்பது பின்னால் வருபவருக்குத் தெரியும். மூல ஏடு ஒன்று எங்காவது பத்திரமாக இருக்கவேண்டும் என்பது போன்ற நியாயம் அது.

ஆனால் என்னிடம் இருந்தது மூல ஏடல்ல. அது படித்துப் படித்து ஓரம் தேய்ந்த வீட்டுப் பிரதி. பச்சையில் பாதி போய்விட்டது. 35இல் மூன்று அரைவாசி, ஐந்து கால்வாசி. மூக்கில் ஒரு தட்டையான வடு. கிணற்றுக் கட்டில் மோதியது. ஓட்டுநர் உருவத்தில் முகம் என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் இருவரின் பெருவிரல்களும் காரை உருட்டும்போது அழுத்திய இடம் அதுதான். எங்கள் சிறுபிராயத்தின் கையெழுத்து அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. அதைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு எதிரான நியாயம் உணர்ச்சியிலிருந்து வரவில்லை, இரசாயனத்திலிருந்து வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்த பொம்மைகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உரியும் பூச்சு ஆறு வயதுப் பிள்ளையின் நகத்துக்குள் போகும்; அங்கிருந்து வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் தீங்கு என்பதை இன்று எல்லோரும் அறிவோம். அண்ணாந்து பார்க்கும் கண்ணாடி அலுமாரியில் வைப்பதானால் பழைய பூச்சு இருக்கட்டும். பிள்ளையின் கைக்குப் போவதானால் அது போகத்தான் வேண்டும். நாம் நினைவு என்று போற்றுவது அடுத்த தலைமுறைக்கு நஞ்சாகவும் இருக்கலாம் என்ற உண்மை, அந்தச் சின்னக் காரில் என் முன்னால் கிடந்தது. காரை மட்டும் எண்ணி இதை நான் சொல்லவில்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

ஆகவே வேலையைத் தொடங்கினேன். அதன் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் இப்படியொன்று வைத்திருப்போருக்குப் பயன்படலாம்.

முதலில் அளவும் படமும். எண் எங்கே இருந்தது, எழுத்து எவ்வளவு உயரம், எந்த இடத்தில் எவ்வளவு பூச்சு மிஞ்சியிருக்கிறது என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்தேன். எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். பிறகுதான் கை வைத்தல். இவ்வகைக் கார்களில் அடித்தகட்டைப் பிடித்திருப்பது றிவெட். அதன் தலையை மாத்திரம் கைத்துளைகருவியால் மெல்லக் கடைந்தெடுக்கவேண்டும். அவசரப்பட்டால் தண்டும் போய்விடும். திரும்பப் பூட்ட வழியிருக்காது. அச்சுக்கம்பிகளைக் கழற்றினால் சில்லுகள் வந்துவிடும். பழைய இறப்பர் டயர்கள் கல்லாகியிருக்கும், புதியவை போடவேண்டும்.

பூச்சைப் போக்க உலர் எமரித் தாளைத் தொடவே கூடாது. ஈயம் இருக்கக்கூடிய தூசு காற்றில் பறக்கும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், மூடியுள்ள போத்தலில் பூச்சு நீக்கியை இட்டுக் காரை ஊறவைக்கவேண்டும். சற்று நேரத்தில் பூச்சு, காய்ச்சிய பாலின் ஆடையைப் போலச் சுருங்கி எழும்பும். பழைய பல் துலக்கும் பிரஷினால் தேய்த்துக் கழுவினால் சாம்பல் நிற உலோகம் வெளிவரும். கழுவிய நீரையும் சேர்ந்த கசடையும் பிள்ளைகளும் செடிகளும் இல்லாத இடத்தில் பத்திரமாக அகற்றவேண்டும்.

பூச்சுக்குக் கீழே நான் எதிர்பார்த்த ஒன்றும் இருக்கவில்லை. வெறும் உலோகம். அதில் அச்சின் இரு பாதிகளும் சந்தித்த இடத்தில் முடிபோல ஒரு கோடு. எங்கள் இருவரில் எவருடைய அடையாளமும் அங்கே கிடையாது. மெர்சிடிஸ் கதையைப் பற்றி முன்னர் சொன்னேனல்லவா? சுரண்டினால் உண்மை வெளிப்படும் என்பது பாதிதான் சரி. சில உண்மைகள் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. சுரண்டும்போது போவதும் அவைதான்.

புதிய பூச்சுக்குப் பொறுமை வேண்டும். உண்மைக் காரின் ஏறத்தாழ 45இல் ஒரு பங்குதான் இந்தப் பொம்மை. இதன்மேல் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தடிப்பில் பெயின்ற் படிந்தால், பெரிய காரில் நாலு மில்லிமீற்றருக்கு மேல் அப்பியதற்குச் சமம். காற்றுத் துவாரங்களும் மூடித் தகடுகளின் கோடுகளும் புதைந்துவிடும். ஆகவே, ஈயமற்றது என்று குறித்த பூச்சை, முதலில் ஓர் அடிப்பூச்சு, பின் நீர்த்த மூன்று கைகள் என்று பூசினேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் நாட்கணக்கில் காயவிட்டேன். கொழும்பின் மழைநாட்களில் பூச்சு மங்கிப்போகும். வெயில் வரும்வரை காத்திருந்தேன். கடும் பச்சை காய்ந்ததும், தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் படத்தாளிலிருந்து இரண்டையும் பூச்சியத்தையும் வெட்டி ஒட்டினேன். அறுபது ஆண்டு தாமதமாக எங்கள் வன்வோல் எயின்ட்றீக்குத் தயாரானது.

மூக்கின் வடுவை நிரப்பப் பசை இருக்கிறது. அரைமணி நேர வேலை. நிரப்பவில்லை. பூச்சுத்தான் நஞ்சு, வடு நஞ்சல்ல.

மிஞ்சியது ஓட்டுநர். இங்கே நான் பல நாள் நின்றேன். தலைக்கவசத்துக்கு வெள்ளை பூசினால் அது மொஸ். வெற்றிக் கோட்டைக் கடந்தவர் அவர்; பத்திரிகைகளின் முதற்பக்கங்களுக்கு உரியவரும் அவர். அண்ணன் எதிர்பார்ப்பதும் அதையே. புறூக்ஸை அடையாளப்படுத்தி அந்த ஆசனத்தில் இருத்தினால், கிணற்றடியிலிருந்து உருட்டிய சிறுவனுக்கு அறுபது ஆண்டுகளின் பின் நியாயம் கிடைக்கும். என் கை என் மேசையில், தூரிகை என் கையில், யார் கேட்பார்? பழைய நூல்களில் இடைச்செருகல் செய்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமென்று அப்போது தோன்றியது. அவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருந்திருக்கமாட்டார்கள். தமக்குப் பிரியமான ஒருவருக்கு மூலத்தில் இடமில்லையே என்ற தவிப்பில் எழுதிச் சேர்த்தவர்களும் இருந்திருப்பார்கள்.

நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். அவரும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாட்டை நாம் அறிவோம். சங்க நூற் பதிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். புறநானூற்றில் சில பாடல்களில் அடிகள் இல்லை. அந்த இடத்தில் வெறும் புள்ளிகள். இலக்கணமும் யாப்பும் கரைத்துக் குடித்த அந்தப் பெரியவர்களுக்கு ஒரு சீரை இட்டு நிரப்புவது பெரிய காரியமா? நிரப்பவில்லை. புள்ளி இட்டார்கள். அந்தப் புள்ளிகளை இங்கே ஏதோ இருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை, நான் பொய் சொல்லமாட்டேன் என்று நான் வாசிக்கிறேன். தமிழில் எழுதப்பட்ட மிக நேர்மையான வரிகளுள் அந்த எழுதப்படாத வரிகளும் அடங்கும் என்பது என் எண்ணம்.

ஓட்டுநரில் ஒட்டியிருந்த பழைய பூச்சின் மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். நிறமற்ற வார்னிஷ் ஒரு கை கொடுத்தேன். அவ்வளவுதான். கவசத்துக்கு நிறமில்லை, முகமில்லை. இரண்டு பெருவிரல்கள் தேய்த்துவிட்ட வடிவம் மாத்திரம் ஆசனத்தில் இருக்கிறது.

பின்னர் அடித்தகட்டின் கீழ்ப்பக்கம், தொழிற்சாலையின் பெயருக்குப் பக்கத்தில், ஊசிமுனையால் நுணுக்கி எழுதினேன்: பூச்சும் எண்ணும் டயரும் புதியவை, மூக்கின் வடு பழையது, செய்த ஆண்டு இது, செய்த இடம் கொழும்பு. இதனால் சந்தையில் இதற்கு இனி விலை கிடையாது. ஆனால் நாளைக்கு எவனும் இதைத் தொழிற்சாலைப் பொருளென்று ஏமாறவும் முடியாது. பழைய பொருளை மாற்றுவது குற்றமல்ல என்பதே என் முடிவு. உரையாசிரியர்கள் மாற்றினார்கள்; நாடகக்காரர் மாற்றினார்கள்; தாய்மார் தாலாட்டை மாற்றினார்கள். மாற்றியதை மாற்றவில்லை என்று சொல்வதுதான் குற்றம்.

படத்தைக் கைபேசியில் அனுப்பினேன். அண்ணன் உடனே அழைத்தார். பச்சை நல்லாயிருக்கிறது என்றார். 20ஐப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"எல்லாம் சரி. உள்ளுக்கை இருக்கிறது ஆரடா? மொஸ்ஸோ புறூக்ஸோ?"

"எத்தினையாம் சுற்று எண்டு சொல்லுங்கோ அண்ணை, ஆளைச் சொல்லுறன்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "பேரனுக்கு ஒரு தங்கச்சியும் இருக்குதடா. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கார்." யார் படியில் ஒப்படைப்பது, யார் படலையைத் தொடுவது என்பதை இனி அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

இனி வன்வோலின் மிச்சக் கதை. 1958இல் அணிகளுக்கென்று முதன்முதலாக ஏற்படுத்திய உலகக் கிண்ணத்தை அது வென்றது. மொஸ் அந்த ஆண்டு நாலு பந்தயங்களில் வென்றும், ஒரேயொரு பந்தயத்தில் வென்ற ஹோதோர்னிடம் ஒரு புள்ளியால் உலகப் பட்டத்தை இழந்தார். அவ்வாண்டின் கடைசிப் பந்தயம் மொரோக்கோவில் நடந்தது. அதில் வன்வோலின் மூன்றாவது ஓட்டுநரான ஸ்டூவர்ட் லூவிஸ்-எவன்ஸ் தீக்காயமடைந்து ஆறு நாளில் இறந்தார். அந்த இழப்பும் தம் உடல்நலக் குறைவும் சேர்ந்து வன்டர்வெல்லின் மனத்தை மாற்றின. 1959 ஜனவரியில் அவர் களத்திலிருந்து விலகினார். மொஸ் 2020இல் காலமானார். புறூக்ஸ் 2022 மே மாதம் காலமானார். ஐம்பதுகளில் கிராண்ட் பிறி வென்றவர்களில் அப்போது உயிரோடு எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். பாதியில் இறங்கியவர் கடைசிவரை இருந்தார்.

வெற்றிக் கோட்டில் எடுக்கும் படத்தில் ஒருவருக்கே இடமுண்டு. 26 சுற்றுகள் வலியோடு ஓட்டி, வழியில் நின்று, ஆசனத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிய இன்னொருவர் அந்தப் படத்தில் இருக்கமாட்டார். நம் வீடுகளிலும் ஊர்களிலும் மொழியிலும் அப்படி இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காக இல்லாத முகத்தை நாம் வரைய வேண்டியதில்லை. அவர்களுடைய இடத்தில் வேறு முகத்தை வரையாமல் இருந்தால் போதும்.